சிறு பழுதா, பெரும் பழுதா?

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து ஒரு திங்கட்கிழமை. நான் அப்போது வேலை பார்த்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்பு அறையைத் திறந்தேன். மூன்றாவது வரிசை பெஞ்சின் மேல் தாம்பாளம் அளவுக்குக் காங்கிரீட் பெயர்ந்து விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் தளத்தில் துருப்பிடித்த இரண்டு கம்பிகள் தெரிந்தன. சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடாத மழை. விழுந்தது ஞாயிறு இரவாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியமாகவும் இருந்திருக்கலாம்.

தலைமையாசிரியர் ஓடி வந்தார். "டீச்சர், பசங்கள உள்ள விடாதீங்க, மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அன்று முழுவதும் வேப்ப மரத்தடியில்தான் வகுப்பு. பாடம் நடத்திக்கொண்டே இருந்தபோது என் மனத்தை அரித்தது வேறொன்று. ஆண்டுதோறும் நிரப்பும் யூடைஸ் பிளஸ் படிவத்தில் வகுப்பறைகளின் நிலையைப் பற்றி மூன்று கட்டங்கள் உண்டு: நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது. எங்கள் பள்ளியில் அந்தப் பதிவைச் செய்தவள் நான். மூன்று ஆண்டுகளாக எல்லா அறைகளையும் 'நல்ல நிலை' என்றே போட்டிருந்தேன். பொய் சொல்லும் எண்ணம் இல்லை. முந்தைய ஆண்டு என்ன இருந்ததோ அதையே பார்த்துப் போட்டேன், அவ்வளவுதான். கடைசித் தேதி நெருங்கும்போது நாம் அனைவரும் செய்வதுதான்.

மாநில அளவில் எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டமிடுபவர்கள் முதலில் பார்ப்பது இந்தப் பதிவைத்தான். நாம் 'நல்ல நிலை' என்று போட்ட அறை அவர்கள் கணக்கில் நல்ல அறை. அதற்கு எவரும் பணம் ஒதுக்கப் போவதில்லை. நிதி வரவில்லை என்று ஆசிரியர் அறையில் குறைபட்டுக்கொண்ட நானே, நிதி தேவையில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் பள்ளிக் கட்டடங்களுக்கு எங்கிருந்து, எந்த வழியில் பணம் வருகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். நான் சமூக அறிவியல் ஆசிரியர், பொறியாளர் அல்ல. வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் நடந்து நடந்து கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெரிய வேண்டியது, கட்டடம் யாருடையது என்பது. நமக்குச் சம்பளம் தருவது பள்ளிக் கல்வித்துறை என்பதால் கட்டடமும் அத்துறையுடையது என்று நினைத்துக்கொள்கிறோம். ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப்பள்ளிக் கட்டடங்களுக்குப் பொறுப்பு ஊரக வளர்ச்சித்துறை. அங்கே வட்டார வளர்ச்சி அலுவலரையும் ஒன்றியப் பொறியாளரையும் பார்க்க வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப்பள்ளிகளுக்குப் பெரும்பாலும் பொதுப்பணித்துறை கட்டித் தருகிறது. அதற்கான நிதியில் ஒரு பகுதி நபார்டு வங்கிக் கடன். திருவண்ணாமலை நகருக்குள் இருக்கும் நகராட்சிப் பள்ளிகள், 2024இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்த பிறகு மாநகராட்சிப் பொறியாளரிடம் போக வேண்டியவை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குத் தாட்கோ கட்டுகிறது. ஜவ்வாது மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு வேறு துறை. கீழே இருந்து மணலும் சிமெண்டும் மலையேற வேண்டும் என்பதால் அங்கே செலவுக் கணக்கே வேறு. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு காணாமல் போவதில்லை. 'உரிய நடவடிக்கைக்காக' என்று மேசை மேசையாக ஊர்ந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடுகிறது.

இரண்டாவது, கட்டடத்தின் வயது. எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிக் கதை இருக்கிறது. 1994இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் தருமபுரியோடு திருவண்ணாமலையும் ஒன்று. பெண் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து உலக வங்கி உதவியுடன் நடந்த திட்டம் அது. வகுப்பறை இல்லாத ஊர்களில் வகுப்பறை எழுந்தது. இன்று இந்த மாவட்டத்தில் ஆசிரியராக இருப்பவர்களிலேயே அந்த அறைகளில் படித்தவர்கள் உண்டு. அடுத்து 2000க்குப் பின் அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் இன்னொரு சுற்று. ஒரே காலத்தில் கட்டப்பட்டவை ஒரே காலத்தில் மூப்படைகின்றன. முதல் சுற்றுக் கட்டடங்களுக்கு இப்போது முப்பது வயது. இரண்டாம் சுற்றுக்கு இருபதுக்கு மேல். எங்கள் பள்ளியில் சில்லு விழுந்த அறையின் வாசலில் பெயின்டால் மூடியிருந்த கல்வெட்டைச் சுரண்டிப் பார்த்தோம். முதல் சுற்றுக் கட்டடம்தான்.

பழைய ஓட்டுக் கட்டடம் பழுதானால் ஓடு நகரும், மழை உள்ளே கொட்டும், ஊரே பார்க்கும். காங்கிரீட் தளம் அப்படியல்ல, உள்ளுக்குள்ளேயே கெடும். காங்கிரீட்டுக்கு இயல்பாக இருக்கும் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் ஊடுருவும்போது அந்தக் காரம் குறைகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து அது நெம்ப, கம்பியை ஒட்டியே ஒரு நீள விரிசல் ஓடும். கடைசியில் அடிப்பக்கக் காங்கிரீட் பாளமாக விழும். விழுவதற்கு முன் பல மாதம் தளம் அடையாளம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பழுப்பு நிறக் கறைக் கோடு கம்பி போகும் வழியைப் படம் போட்டதுபோல் தெரியும். நீளமான கழியால் தட்டினால் கெட்டியான இடத்தில் 'டங்' என்றும் விட்டுப்போன இடத்தில் பொத்தலாகவும் சத்தம் வரும். எங்கள் ஆறாம் வகுப்பு அறையில் அந்தப் பழுப்புக் கோடு இரண்டு ஆண்டுகளாக இருந்தது. ஈரக்கறை என்று விட்டுவிட்டோம்.

சுவரில் சிலந்தி வலைபோல் மெல்லிய விரிசல்கள் இருந்தால் அது பெரும்பாலும் பூச்சோடு நிற்கும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசலும், சுவரும் தளமும் சேரும் இடத்தில் ஓடும் விரிசலும் அப்படிப்பட்டவை அல்ல. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் பொறியாளரிடம் காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது. நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவு திடீரென்று நிலையில் உரசினால் தச்சரைக் கூப்பிடும் முன் சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து ஓதம் ஏறி அடிச்சுவர் உதிர்வது பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சிறு பழுதுதான். உறுதி சொல்ல வேண்டியவர் பொறியாளர். அவரை வரவழைக்கும் அளவுக்கு நமக்குத் தெரிந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிக்குக் கொஞ்சம் பணம் வந்தால் நாம் முதலில் செய்வது வர்ணம் அடிப்பது. ஆய்வுக்கு வருபவர்களுக்கு அழகாகத் தெரியும், பெற்றோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கறைக்கும் விரிசலுக்கும் மேல் பூசும் வர்ணம் சான்றை அழித்துவிடுகிறது. தளத்தைச் சரிசெய்யாமல் வர்ணம் அடிப்பதை நான் இப்போது எதிர்க்கிறேன். இதில் என்னோடு உடன்படாத தலைமையாசிரியர்கள் உண்டு.

இனிப் பணத்துக்கு வருவோம். பெரிய தொகை நமக்குத் தெரிந்ததுதான். 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதையடுத்து மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டு, ஆபத்தானவை இடிக்கப்பட்டன. 2022 மார்ச் நிதிநிலை அறிக்கையில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது: ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய், 18,000 புதிய வகுப்பறைகள், முதலாண்டுக்கு 1,300 கோடி. 1996 முதல் 2001 வரை கல்வி அமைச்சராக இருந்த அவருடைய நூற்றாண்டு அந்த ஆண்டில் வந்தது. 2023 பிப்ரவரியில் வேலூர் மாவட்டத்தில் நடந்த விழாவில் ஊரகப் பகுதிகளுக்கான 5,351 வகுப்பறைகளுக்கு 784 கோடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஓர் அறைக்கு ஏறத்தாழ 14½ லட்சம்.

சிறிய தொகையும் நமக்குத் தெரிந்ததே. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000. 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சுண்ணக்கட்டி முதல் மின்கட்டணம் வரை இதிலேதான். 2024-25இல் ஒன்றிய அரசின் பங்கு நிறுத்தி வைக்கப்பட்டபோது இந்தச் சிறு தொகையின் அருமை நமக்கு நன்றாகவே புரிந்தது.

25,000 ரூபாய்க்கும் 14½ லட்சத்துக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. எங்கள் ஆறாம் வகுப்பு அறை விழுந்தது அந்த இடைவெளியில்தான். தளத்தின் பழுதான பகுதியைக் கொத்தி, கம்பியின் துருவை நீக்கி, மறுபடி பூசி, மேலே தட்டோடு பதித்து நீர்க்கசிவை நிறுத்த வேண்டும். பள்ளி மானியத்தில் அது முடியாது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் அளவுக்கு அறை கெட்டுப்போகவும் இல்லை. இப்படிப்பட்ட அறைகள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பது என் அனுபவம். இவற்றைக் கவனிக்காமல் விட்டால் ஐந்தாறு ஆண்டுகளில் 14½ லட்சம் கேட்கும் நிலைக்கு அவையே வந்து சேரும். புதிய கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. தளத்தில் ஒழுகலை அடைத்ததற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

இந்த நடுத்தரப் பழுதுக்கு வழியே இல்லை என்பதல்ல. ஒன்றியப் பொது நிதி, ஊரக வளர்ச்சித்துறையின் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, பொதுமக்கள் ஒரு பங்கு போட அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டம், 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்று பல கதவுகள் இருக்கின்றன. ஊர் மக்களிடம் கேட்பதற்குக் கூச்சப்படுபவர்களுக்கு ஒரு செய்தி: காமராசர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் கொடுத்ததைக்கொண்டுதான் எத்தனையோ பள்ளிகளுக்குக் கட்டடமும் தளவாடமும் வந்தன. ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்பது ஒன்றைத்தான்: என்ன பழுது, எந்த அறை, எவ்வளவு, யார் சொன்னது?

அதற்கான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை இந்தக் குழுவுக்குத்தான் தருகிறது. எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை என்பவை அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை. 2024இல் குழு மறுகட்டமைப்பு செய்யப்பட்டு உறுப்பினர்கள் 24 பேர் ஆனபோது முன்னாள் மாணவர்களும் சேர்ந்தார்கள். அவர்களில் கொத்தனார், மேஸ்திரி, எலக்ட்ரீசியன் என்று யாராவது நிச்சயம் இருப்பார்கள். முதலில் அவர்களை அழைத்துப்போய் அறையைக் காட்டுங்கள்.

எங்கள் பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். "பள்ளிக் கட்டடம் மிகவும் பழுதடைந்துள்ளதால் சீர்செய்து தருமாறு கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது" என்று நான்கு முறை இருந்தது. நான்கும் ஒரே வாசகம். இதை வைத்துக்கொண்டு பொறியாளர் என்ன செய்வார்? காங்கிரீட் விழுந்த வாரம் கூடிய கூட்டத்தில் ஒரு தாய் எழுந்தார். "எம்பொண்ணு அந்த மூணாவது பெஞ்சுலதான் டீச்சர் உக்கார்றா. நீங்க எழுதுறதுல அத எழுதுங்க" என்றார். எழுதினோம். வடக்குக் கட்டடம், கிழக்கிலிருந்து இரண்டாவது அறை, கட்டிய ஆண்டு, நீள அகலம், தளத்தில் கம்பி தெரியும் இடத்தின் அளவு, அந்த அறையில் உட்காரும் குழந்தைகளின் எண்ணிக்கை, பெஞ்சின் மேல் விழுந்த தேதி. கூடவே நான்கு புகைப்படங்கள், அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து. நகல்கள் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக் கோப்பில் வைத்தோம். இப்போது தீர்மானங்களைப் பெற்றோர் செயலியிலும் பதிவேற்றுகிறோம். அங்கும் இதே விவரம் வேண்டும்.

பத்தாவது நாள் உதவிப் பொறியாளர் வந்தார். சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிப் பார்த்தார். ஓர் அறையைப் பற்றி எழுதியிருந்தோம். இரண்டு அறைகளைப் பூட்டச் சொன்னார்.

அதற்குப் பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதிப்பீடு தயாராக வேண்டும், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பிறகுதான் வேலை உத்தரவு. இடிக்க வேண்டிய கட்டடமாக இருந்தால் அதற்கு முன் இடிப்பு அனுமதியும் பழைய பொருட்கள் ஏலமும். எங்கள் இரண்டு அறைகளும் ஒன்றரை ஆண்டு பூட்டிக் கிடந்தன. ஆறும் ஏழும் ஒரே அறையில். மழை நாளில் வராந்தாவில் சாரல். சேர்க்கை ஏழு பேர் குறைந்தது. ஆபத்தான அறையைப் பூட்டியது சரிதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பூட்டுவதற்கும் இடிப்பதற்கும் காட்டும் வேகம் மாற்று இடத்துக்கும் வேலை உத்தரவுக்கும் வேண்டும். நெல்லைக்குப் பிறகு இடிக்கப்பட்ட கட்டடங்களின் பிள்ளைகள் பல ஊர்களில் சமுதாயக் கூடத்திலும் மரத்தடியிலும் காத்திருந்தார்கள். தீர்மானம் எழுதும்போதே இரண்டாவது பத்தியாக 'மாற்று இடம்' என்று ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். நாங்கள் சேர்க்கவில்லை.

இது நம் ஊரின் தனிக்குறை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 2018இல் ஒரு தொடக்கப்பள்ளியின் கூரை ஒரு வார இறுதியில் இடிந்து விழுந்தது, நல்லவேளையாக அதுவும் விடுமுறை நாள். அது காற்றுக் குமிழிகள் கொண்ட லேசான வகைக் காங்கிரீட். 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது, அதே வகைக் காங்கிரீட் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அந்தக் கட்டடப் பகுதிகளை மூடும்படி அங்கே அரசு சொல்ல வேண்டி வந்தது. ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டத்தில் 2025 ஜூலை 25 அன்று அரசுப் பள்ளிக் கூரை இடிந்தபோது நேரம் காலை. பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். ஏழு குழந்தைகள் இறந்தார்கள்.

திருவண்ணாமலையில் பள்ளிக் கட்டடம் பள்ளிக்கு மட்டுமானதும் அல்ல. தீபத் திருவிழாவுக்குப் பாதுகாப்புக்கு வரும் காவலர்கள் பள்ளிகளில்தான் தங்குகிறார்கள். தேர்தலில் வாக்குச்சாவடி. வெள்ளம் வந்தால் முகாம். 2024 டிசம்பர் 1 அன்று பெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்த அந்த வாரம், எங்கள் ஊரில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. மழை விட்டு வகுப்புகள் தொடங்கியபோது நான் இப்போதிருக்கும் பள்ளியில் செய்த முதல் வேலை, குழந்தைகள் வருவதற்கு முன் ஒவ்வோர் அறையாகப் போய் அண்ணாந்து பார்த்தது.

பழைய பள்ளியின் அந்த இரண்டு அறைகளும் பழுது நீக்கப்பட்டு இப்போது வகுப்பு நடக்கிறது. நிதி ஒன்றியத்திலிருந்து ஒரு பங்கும் முன்னாள் மாணவர்களிடமிருந்து ஒரு பங்கும். மொத்தச் செலவு ஒரு புதிய வகுப்பறைச் செலவில் நான்கில் ஒன்றுகூட ஆகவில்லை. வேலை தொடங்கிய அன்று மேஸ்திரி மாடியிலிருந்து ஒரு சாக்கு நிறையக் குப்பையை இறக்கினார். வேப்பஞ்சருகு, இரண்டு ரப்பர் பந்து, ஒற்றைச் செருப்பு. மழைநீர் வடியும் குழாயின் வாயை அவைதான் அடைத்திருந்தன. அங்கே தேங்கிய தண்ணீர்தான் இத்தனை ஆண்டுகளாக ஆறாம் வகுப்பின் தளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்கு மாடிப்படி கிடையாது. யாரும் ஏறிப் பார்த்ததில்லை.

இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, கூலிக்கு ஆள் வைத்து மாடியைச் சுத்தம் செய்கிறோம். பிள்ளைகளை ஏற்றுவதில்லை. பள்ளி மானியத்தில் இதற்கு ஆகும் செலவு ஆயிரம் ரூபாயைத் தொடாது. போன முறை கைப்பிடிச் சுவர் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. இரண்டு இலைதான் வெளியே. பிடுங்கியபோது வேர் ஒரு முழம் வந்தது. அந்த அறையை இந்த ஆண்டுப் படிவத்தில் 'சிறு பழுது' என்று போட்டிருக்கிறேன்.